மேலே வலது, கீழே இடது

எலி நடப்பதை உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு ஆளா என்று கேட்பவர்களோடு நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. பதினேழு வருடமாக வாதாடி வாய் வலித்துவிட்டது. ஆமாம், பார்ப்பதுதான் என் வேலை. பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பாதை இருக்கிறது. ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம், அகலம் ஒரு சாண். அதன் விளிம்பு வழியாக உள்ளே பச்சை வெளிச்சம் பாய்ச்சுவோம். வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே வராது. எங்கே ஒரு கால் படுகிறதோ அங்கே மட்டும் மின்னும். அடியிலிருந்து ஒரு கேமரா அதைப் படம் பிடிக்கும். திரையில் எலி தெரியாது. உடம்பே இல்லாத நான்கு பாதங்கள் இருட்டில் பொட்டுப் பொட்டாக நடந்து போகும். ஒவ்வொரு பொட்டுக்கும் நான் பெயர் வைப்பேன்: முன் இடது, பின் வலது என்று. பிறகு வைக்கிற எட்டு எவ்வளவு நீளம், விரல் எவ்வளவு விரிந்தது, எந்தக் காலுக்குப் பின் எந்தக் கால் விழுந்தது என்பதெல்லாம் அளவாக வரும். பெயர் வைக்க எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. மேலே வலது, கீழே இடது. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தப்பாகத் தோன்றும். நாங்கள் அடியிலிருந்து பார்க்கிறவர்கள்.

இதனால் இங்கே எனக்குப் பாதக்கா என்று பெயர். பாதம் பார்க்கிற அக்கா. வீட்டுக்காரர் இதை முதல் முறை கேட்டபோது, "பாதக்கா இல்ல, பாதகின்னு வெச்சிருப்பாங்க. உனக்குக் காது சரியாக் கேக்கல," என்றார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால், வீட்டில் தன் ஜோக்குக்குத் தானே சத்தமாகச் சிரிப்பார்.

இந்த முறை இருபத்து நான்கு எலிகள். ஒவ்வொன்றுக்கும் தண்டுவடத்தின் இடது பாதியில் ஒரு சின்ன வெட்டு. அதனால் இடது பின்னங்கால் மட்டும் இழுக்கும், வலது பக்கம் நன்றாக இருக்கும். பாதி எலிகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் என் கண் ஓரவஞ்சனை செய்யும். அந்தப் பட்டியல் ஒட்டிய கவருக்குள் எங்கள் ஆய்வுத் தலைவர் மேடத்தின் அலமாரியில் இருந்தது. அது மட்டுமில்லை. எட்டு வாரத்துப் படங்களையும் எலி எண், வாரம் எல்லாவற்றையும் மறைத்து, சீட்டுக் கலைப்பது போலக் கலைத்துப் போட்டுத்தான் எனக்குக் கொடுப்பார்கள். அதுவும் ஒவ்வொரு பாதமாக, தனித்தனியாக. நான் எண்களை ஒப்படைத்ததும் வெள்ளிக்கிழமை காலை கவரைப் பிரிப்பதாக ஏற்பாடு.

வெட்டுப் போடுகிறவர் ஒரு கால்நடை டாக்டர். முப்பத்தைந்து வயது. ஆள் நின்றால் வாசல் அடைபடும், ஆனால் அவர் போட்ட தையலை லென்ஸ் வைத்துத்தான் பார்க்க முடியும். எல்லோருக்கும் அவர் தையல்காரர். அவருக்கு வெட்டுவதைவிட அதற்குப் பிந்தைய வேலைதான் பெரிது. முதுகில் அடிபட்ட எலிக்கு முதல் சில நாள் தானாகச் சிறுநீர் போகாது. அடிவயிற்றை விரலால் மெல்ல அமுக்கி யாராவது எடுத்துவிட வேண்டும், நாளைக்கு மூன்று வேளை. அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விடமாட்டார். மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் "அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சுது" என்று சொல்லிச் சொல்லிச் செய்வார். இருபத்து நான்கிடமும் சொல்வார். நான் வேண்டுமென்றே எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை எல்லாப் பெயர்களையும், மறைத்திருந்த எலி எண்ணோடும் வாரத்தோடும் சேர்த்துக் கடைசி அட்டவணையைப் போட்டேன். இடது பின்னங்கால் வரிசையைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்கு வாரம் இழுத்துக்கொண்டிருந்த கால், ஐந்தாவது வாரத்திலிருந்து விரலை விரித்து, முழுப் பாதத்தையும் ஊன்றி, முறை தப்பாமல் நடக்கிறது. ஒன்று இரண்டு எலி இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே. இப்படி ஓர் அட்டவணையை நான் பார்த்ததே இல்லை. தையல்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"நடக்குது தம்பி. வந்து பாருங்க."

அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தார். திரைக்கு முன் குனிந்து, இடது வரிசையில் விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னப் பிள்ளைச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கடைசிவரை போன விரல் பக்கத்து வரிசைக்குத் தாவியது. அங்கே நின்றுவிட்டது.

"அக்கா, வலது ஏன் இப்படி இருக்கு?"

பார்த்தேன். ஐந்தாவது வாரத்திலிருந்து வலது பின்னங்கால் இழுத்துக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட எல்லா எலிக்கும்.

"வலது பக்கம் நான் கத்தியே வெக்கலியே," என்றார்.

அந்த ஐந்தாவது வாரம் என்ன நடந்தது என்று எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வாரத்தின் நடுவில் கேமரா நின்றுபோய், ஒரு மெக்கானிக் வந்து கழற்றி மாட்டினார். மாட்டிய பிறகு பார்த்தால் திரையில் எலி வலதிலிருந்து இடதாகப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. பதினேழு வருடமாக என் எலிகள் இடதிலிருந்து வலதாகத்தான் போகின்றன, நாம் எழுதுகிற மாதிரி. "எதிர்ப்பக்கம் போகுதே, திருப்பி விடுங்க," என்றேன். கேமரா தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது, அதைக் கழற்றித்தான் திருப்ப வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. விசைப்பலகையில் ஒரு பொத்தானைத் தட்டினார். எலி இடதிலிருந்து வலதாகப் போனது. "இப்ப சரியா?" என்றார். "இதுதான் சரி," என்றேன். அவசரக்காரி. அவர் படத்தைச் சுற்றவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டிவிட்டார். போகிற திசை சரியாயிற்று, பக்கம் மாறிவிட்டது. அன்றிலிருந்து மேலே இருந்தது இடது, கீழே இருந்தது வலது. நான் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டு பெயர் வைத்துக்கொண்டே இருந்தேன். கலைத்துப் போட்ட படங்களில் பாதம் பாதமாகப் பார்க்கிறவளுக்கு நடை எப்படித் தெரியும்? யாரையும் ஏமாற்றக் கூடாது என்று நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எங்களையே ஏமாற்றியிருந்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். கத்துகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். மேடம் கத்தமாட்டார், அதுதான் கஷ்டம். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். தையல்காரர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிலருந்து எல்லாத்துக்கும் இடம் வலத்தை மாத்திட்டா சரியாயிடும் மேடம்," என்றேன்.

"அன்னிக்கு எத்தனாவது எலிலருந்து?"

எனக்குத் தெரியவில்லை. மெக்கானிக் வருவதற்கு முன் சில எலிகள் நடந்திருந்தன, போன பிறகு மீதி.

"அந்தப் பொத்தானுக்குப் பக்கத்துல மேல கீழ புரட்டற பொத்தானும் இருக்கு, கை பட்டாலே படம் புரண்டுடும், எலி போற திசைகூட மாறாது. நடுவுல யார் கையாவது பட்டிருந்தா? எத்தனை தடவை பட்டுச்சுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியாது. விசைப்பலகையைத் துடைப்பதும் நான்தான், தினமும்.

தையல்காரர் மெதுவாகச் சொன்னார். "எந்தக் கால் இழுக்குதுன்னு பாத்தாலே இடது எதுன்னு தெரிஞ்சிடுமே மேடம்."

"இழுக்கிற காலை இடதுன்னு நாமளே எழுதிட்டு, அப்புறம் இடது இழுக்குதுன்னு சொன்னா அதுக்கு அளவுன்னு பேரா? மருந்துல நல்லா ஆன எலி ஒண்ணு இருந்தா, அதுல எதை இடதுன்னு எழுதுவீங்க?"

மேடம் என்னைப் பார்த்தார்.

"எட்டாம் வாரத்தை வேணா மறுபடி நடக்க விட்டு எடுக்கலாம். அஞ்சும் ஆறும் ஏழும் போனது போனதுதான். ஒவ்வொரு படத்துக்கும் ஆதாரம் இருந்தா மாத்திக்கலாம். ஞாபகத்தை வெச்சு மாத்த முடியாது. ஆதாரம் இல்லைன்னா இந்த எட்டு வாரம் நடக்கவே இல்லைன்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

"அப்படின்னா?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

"மறுபடியும் இருபத்து நாலு."

எலி அனுப்புகிற பண்ணைக்கு அப்போதே சொல்லி வைக்கச் சொன்னார். தையல்காரர்தான் பேசினார். திங்கட்கிழமை காலை வண்டி வரும், வேண்டாமென்றால் வியாழன் மாலை நான்கு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். "சரி" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு நடைவழியில் இருக்கும் தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். அன்று அவர் வெறும் கையால் எந்த எலியையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் நகக்கண்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"ரெண்டு வார்த்தை திட்டிடுங்க தம்பி. எனக்கும் நல்லாருக்கும்," என்றேன்.

"உங்களைத் திட்டி என்னக்கா ஆகப்போகுது." குழாயை மூடினார். "முதல் தடவை செய்யறப்போ, இதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே செஞ்சேன். இப்ப என்ன சொல்லிக்கிட்டுச் செய்யறது? படம் புரண்டுபோச்சு, அதனால இன்னொரு இருபத்து நாலு முதுகுன்னா?"

வீட்டுக்காரர் ஜோக்குக்குச் சொன்ன பேருக்கு அன்றைக்கு நான் முழுத் தகுதி பெற்றுவிட்டேன். இங்கே வேலை செய்கிற யாரும் எலிகள்மேல் பாசம் என்று வாயைத் திறந்து சொல்லமாட்டோம். வெட்டுகிறவர்களுக்கு அந்த வார்த்தை பொருந்தாது. ஆனால் செய்தது வீணாகக் கூடாது என்பது மட்டும் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும். நான் வீணாக்கியிருந்தேன்.

அன்று வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட். ஐந்து மணிக்கு நான் போனபோது பனியனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு டம்ளரில் ஊற்றினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "இரு, இரு, மறுபடி சொல்லு," என்று கேட்டுக்கொண்டார். பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவர், இடம் வலம் புரள்வது அவருக்குச் சட்டென்று புரிந்தது.

"படத்துல நகராத பொருள் எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

"காலைத் தவிர எல்லாம் கறுப்பு. நகராத பொருளுக்கு எங்க போறது?"

"கண்ணாடியில அழுக்கு, கறை?"

"ஒவ்வொரு எலிக்கும் நடுவுல துடைக்கிறேங்க. ஒரு புள்ளி இருக்காது."

"நம்ம வீட்டு ஜன்னலை ஒருநாள் அந்த எலிங்க பக்கம் கூட்டிட்டுப் போய் வை. அதுக்கும் ஒரு விமோசனம் கிடைக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

"நான் கேக்கறது என்னன்னா," என்றார், "புது வண்டியில முன்கண்ணாடி பளிச்சுன்னு இருக்கும். ஆறு மாசம் வைப்பர் ஓடினா போதும், எவ்வளவு சுத்தமாத் துடைச்சாலும் வில்லு மாதிரி ஒரு கோடு விழுந்துடும். பகல்ல தெரியாது. எதிர் வண்டி லைட் அடிச்சாத்தான் தெரியும். துடைக்கிறதுதான் கீறுது. நீ பதினேழு வருஷமாத் துடைக்கிறே. ஒரு கோடுகூடவா விழல?"

"நான் என்ன இரும்பாலயா துடைக்கிறேன்? துணி," என்றேன். சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். ஆனால் அந்த எதிர் வண்டி லைட் மண்டைக்குள் அணையவே இல்லை. கண்ணாடிக்குள்ளேயே ஓடுகிற வெளிச்சம், கால் பட்ட இடத்தில் வெளியே கசிகிறது. கீறல் இருந்தால் அங்கேயும் கசியத்தானே வேண்டும்? நாங்கள் திரையை எப்போதும் மங்கலாக வைத்திருப்போம், பாதம் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கூடத்தில் இருந்தேன். ஒரு படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பாதங்கள் வெள்ளைக் கொப்புளங்களாக வீங்கிவிட்டன. கறுப்பு சாம்பல் நிறமாயிற்று. அந்தச் சாம்பலில், மேல் விளிம்பை ஒட்டி, ஒரு கோடு. நகத்தால் கிள்ளிய அளவுதான். எலி போன பிறகும் அது அங்கேயே இருந்தது. அடுத்த படத்தைத் திறந்தேன், அதே இடம். பத்துப் பன்னிரண்டு திறந்திருப்பேன். அப்புறம் ஒரு படத்தில் அது கீழ் விளிம்புக்கு இறங்கியிருந்தது.

எழுந்து போய்க் கண்ணாடிப் பாதையைத் தடவினேன். கண்ணுக்குத் தெரியவில்லை. நகத்தை ஓட்டியபோது ஓர் இடத்தில் தட்டுப்பட்டது. பாதை சுவரை ஒட்டிப் போட்டது, ஒரு பக்கத்திலிருந்துதான் துடைக்க முடியும். நான் எப்படித் துடைப்பேன் என்று நின்று பார்த்தேன். இடது கையை இந்த விளிம்பில் ஊன்றி, குனிந்து, வலது கையால் அந்த விளிம்பைத் துடைப்பேன். இடது கையை வழக்கம் போல ஊன்றினேன். என் வாட்ச் பட்டையின் இரும்புக் கொக்கி கீறலின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

வாட்ச், மோதிரம், வளையல் போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை ஒட்டியவள் நான்தான். சுவர்க் கடிகாரம் ஒழுங்காக ஓடாது என்று என் வாட்சுக்கு மட்டும் நானே விலக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் வந்ததும் கையை நீட்டி, வாட்ச், கீறல், திரை எல்லாவற்றையும் காட்டினேன். எலிகள் போவது எப்போதும் ஒரே திசை, அதனால் பாதையில் நான் நிற்கிற பக்கம் எலிக்கு எப்போதும் வலது பக்கம். ஆகவே படம் புரண்டாலும் புரளாவிட்டாலும் கீறல் இருக்கிற பக்கம் வலது. கால் எதுவும் பார்க்க வேண்டியதில்லை.

மேடம் கீறலை நகத்தால் தடவிப் பார்த்தார். என் வாட்சைப் பார்த்தார்.

"கதவுல ஒட்டியிருக்கிறது மத்தவங்களுக்கா?"

"ஆமா மேடம்," என்று வாயில் வந்துவிட்டது. தையல்காரர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி," என்றார் மேடம். "ஆனா இதை நீங்க பாக்கக் கூடாது. உங்களுக்கு என்ன பதில் வேணும்னு உங்களுக்கே தெரியும்."

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு படங்களிலிருந்தும் எலி வருவதற்கு முன்பான வெற்றுப் பாதையை மட்டும் மேடம் தனியாக எடுத்தார். ஒரு பாதம்கூட இல்லாத சாம்பல் நிறத் துண்டுகள். தேதியை மறைத்துக் கலைத்தார். தையல்காரர் ஒவ்வொன்றையும் பார்த்துக் கோடு மேலேயா, கீழேயா, தெரியவில்லையா என்று மட்டும் எழுத வேண்டும். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டதால் மணி தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் வெறும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை, "என்னாச்சு?" இரண்டாவது முறை, "ஒண்ணும் ஆகலன்னா சரி, வை." மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். பாதையைத் துடைக்கலாமா என்று எழுந்தேன். எழுந்தவள் பயந்துபோய் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

கதவு திறந்தது. மேடத்தின் கையில் இரண்டு தாள்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவர் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது.

"ரெண்டு படத்துல கோடே தெரியல. துடைச்ச ஈரம் காயாம இருந்திருக்கு. அந்த ரெண்டும் கழிவு," என்றார். "மீதி நூத்துத் தொண்ணூறும் தெளிவா இருக்கு. அஞ்சாம் வாரம் பதிமூணாவது எலிவரை மேல. பதினாலுலருந்து கீழ."

"அப்போ எல்லாம்..." என்றேன்.

"இருங்க. ஆறாம் வாரம், ஒன்பதாவது எலி. அது ஒண்ணு மட்டும் மறுபடி மேல இருக்கு. அன்னிக்கு யாரோ அந்தப் பக்கத்துப் பொத்தானைத் தட்டி, அடுத்த எலிக்குள்ள திரும்பத் தட்டியிருக்காங்க. நேத்து நீங்க சொன்ன மாதிரி மொத்தமா மாத்தியிருந்தா இந்த எலிக்குத் தப்பாப் போயிருக்கும்."

விசைப்பலகையைத் துடைத்த என் துணிதான், வேறு யார். வேறொரு நாளாக இருந்தால் மேடம் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று உடனே ஒப்புக்கொண்டேன்.

"இந்தத் தாளையும் கீறலையும் அறிக்கையில சேத்துடுங்க. யார் வாட்ச்னு எழுத வேண்டாம்," என்றார் மேடம். "பழைய எண்கள் செல்லும். கவரை நாளைக்குப் பிரிக்கலாம். வண்டி வேண்டாம்னு சொல்லிடச் சொல்லுங்க."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் அழுதேன், பெஞ்சில் உட்கார்ந்தே. மேடம் பார்க்காதது போல உள்ளே போய்விட்டார். அது அவர் செய்யக்கூடிய பெரிய மரியாதை.

தையல்காரர் ஏற்கெனவே போனைக் காதில் வைத்துக்கொண்டு நடைவழியில் நடந்துகொண்டிருந்தார். பண்ணையில் லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார், பிஸி. மணி மூன்று ஐம்பது. மூன்றாவது முறை எடுத்தார்கள்.

"நேத்து சொல்லியிருந்தேனே, அந்த இருபத்து நாலு," என்றார். "வேண்டாம்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, தள்ளிப் போடல. வேண்டாம். ஒண்ணுகூட வேண்டாம்."

வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெஞ்ச் என் பக்கம் கொஞ்சம் எழும்பியது.

"என்ன சொன்னாங்க?"

"வண்டிக்காகக் கூண்டு மாத்தி வெச்சிருந்தாங்களாம். திரும்பப் பழைய கூண்டுலயே விட்டுடறாங்களாம்."

அந்த எலிகளை நாளைக்கு வேறு யாராவது கேட்பார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் குழந்தைகள் இல்லை. ஆனால் கேட்பது நாங்கள் இல்லை, என் தப்புக்காக இல்லை.

அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் அவ்வளவு பெரியவை என்று நான் அதுவரை கவனித்ததில்லை.

"அக்கா," என்றார், "திங்கட்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்ல."

"லீவு போடுங்க தம்பி."

"போட்டுடறேன்," என்று சொல்லிவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.